உள்குத்தகை

கெடிலத்துக்கும் எனக்கும் நடுவே
ஆடி மாதம் ஒரு ஷட்டர் வைத்தார்கள்.
நாலடி அகலம், பச்சை பெயிண்ட், புதுப் பூட்டு.
சாவி லஸ்கர் சிகாமணியிடம்.

கழனி நடுவில் கல் ஊன்றி
முழங்கால் உயரத்தில் சிவப்புக் கோடு போட்டார்கள்.
"இதுவரைக்கும்தான் ஏறும்" என்றார் இன்ஜினியர்.
"ஆறு நாள். ஏழாம் நாள் வடிஞ்சிடும்."
ஆற்றின் சார்பில் அவரே பேசினார்.
நிலத்தின் சார்பில் கையெழுத்துப் போட
தாம்பரத்திலிருந்து காரில் வந்தார் பட்டாக்காரர்.
நான் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றரைக் காணி.
பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சு.
பதினோரு வருடமாய் நான் குத்தகை.
எனக்குக் கீழே யாரும் இருந்ததில்லை.
இப்போது ஆறு வந்திருக்கிறது
உள்குத்தகைக்கு.

கார்த்திகை இரண்டாம் வாரம்
ராத்திரி ரெண்டு பத்துக்கு போன்.
"தூக்கப்போறேன்ணே. மோட்டாரக் கழட்டிட்டியா?"
கழற்றிவிட்டேன்.
கழற்ற முடியாதது
நாற்பத்திரண்டு நாள் பயிர்.

வெள்ளம் என்றால் இரைச்சலோடு வரும்
என்றுதான் நினைத்திருந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் அது
பாயை விரிப்பதுபோல் வந்தது.
முதலில் தவளைகள் கத்தின.
பிறகு கத்தவில்லை.
எலிகள் பனைமரத்தில் ஏறின,
அதே மரத்தில் ஒரு சாரையும்;
ஒன்றையொன்று பார்க்காத மாதிரி இருந்தன.

விடிந்தபோது வரப்பு இல்லை.
ஒரு சாண் வரப்புக்காக
என்னோடு ஏழு வருடம் பேசாத கோதண்டபாணி
மேட்டில் பக்கத்தில் வந்து நின்று
"எது உன்னுது, எது என்னுது, காட்டு பாப்போம்" என்றான்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
தவமணி சிரிக்கவில்லை.
அவள் கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கோடு முழுகி, கல்லும் முழுகி
அந்த இடத்தில் ஒரு சிறு சுழி மட்டும்.

ஆறாம் நாள் எண்ணினோம்.
ஏழாம் நாள் சிகாமணிக்கு போன் போட்டேன்.
"மேல சாத்தனூர்ல தொறந்திருக்காங்களாம்."
"அது பெண்ணையாறு, சிகாமணி."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எனக்குச் சொன்னத நான் சொல்றேன்ணே."

இது தண்ணி தாங்குகிற நெல் என்று விற்றார்கள்.
தாங்கும்தான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பத்து நாள், பன்னிரண்டு நாள் கிடக்கும்.
கலங்கல் தண்ணீரில் எத்தனை நாள் என்று
மூட்டை மேல் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் கோடு தெரிந்தது.
பதினொன்றாம் நாள் மண்.
நாலு விரல் வண்டல், வெண்ணெய் மாதிரி,
அதன்மேல் சீவிப் படுத்த மயிராய்ப் பயிர்.
ஒன்றைப் பிடித்துத் தூக்கினேன்.
அடியில் பச்சை இருந்தது.
பக்கத்துத் தூரில் இல்லை.
அப்படியே பார்த்துக்கொண்டு போனேன்,
இருக்கு, இல்லை, இல்லை,
இருக்கு, இல்லை.

ஈட்டுத்தொகை பட்டாக்காரர் கணக்கில் ஏறியது.
"பாதியை அடுத்த குத்தகைல கழிச்சுக்கலாம்" என்றார்.
வண்டல் நல்ல உரமாச்சே என்றும் சொன்னார்.
அதுவும் உண்மைதான்.
உண்மையைச் சொல்லும்போதுதான்
அவர்மேல் கோபம் அதிகம் வருகிறது.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கையில்
மேட்டு வாழையில் இலை அறுத்து
மஞ்சக்குப்பம் போனேன்.
ஆற்றங்கரைத் தெரு.
வாசலில் காய்ந்த மண்ணில் ஒரு அம்மா
புள்ளிக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.
சுவரில் என் மார்பளவுக்குப் பழைய தண்ணீர்க் கறை,
புதுச் சுண்ணாம்பையும் மீறித் தெரிந்தது.
உள்ளே கட்டில் தரையில் இருந்தது.
ஃப்ரிட்ஜ் தரையில் இருந்தது.
செங்கல் வைத்து எதையும் உயர்த்தவில்லை.

"இந்த வருஷம் மழையே பெருசா இல்லியே?" என்றார்,
இலையை விரித்துப் பார்த்தபடி.

சொல்லியிருக்கலாம்.
ஒரு கட்டு இலை தரையில் வைத்து, உட்கார்ந்து,
ரெண்டு பத்துக்கு வந்த போனிலிருந்து
எல்லாம் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன்.

கட்டுக்கு அஞ்சு ரூபா குறைக்கச் சொன்னார்.
குறைக்கவில்லை.